அண்ணியின் முழங்கை

என் அண்ணிக்குக் கைரேகை கிடையாது. பிறக்கும்போது எல்லாரையும் போலப் பத்து விரலிலும் இருந்திருக்கும். இருபது வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர் தலைக்குச் சாயம் பூசி, ஷாம்பூவிலும் அம்மோனியாவிலும் ஊறி, விரல் நுனிகள் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து, இப்போது கோடு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பேங்கில் விரல் வைக்கச் சொன்னால் இவள் யாரென்றே தெரியாது என்று அந்த மெஷின் கைவிரித்துவிடும். அண்ணி விடமாட்டாள். "நான்தான், நான்தான்" என்று அதை அதட்டுவாள். மெஷினுக்கு அவளைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் பயந்துபோய் ஒத்துக்கொண்டிருக்கும்.

நான் அவளுடைய நாத்தனார். என் அண்ணன் இருந்தவரைக்கும் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்தான். அவன் மாரடைப்பில் போனபோது அவர்கள் மகள் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி அழுது முடித்த கையோடு ஒரு பார்லரில் தரை கூட்டப் போனாள். கூட்டிக்கொண்டே பார்த்தாள், பார்த்துக்கொண்டே கற்றாள், மூன்றாம் வருஷம் தனியாகக் கடை போட்டாள். "முடி அலச ஆள் வேணும். வெளியாளுக்குக் கொடுக்கற சம்பளத்த உனக்கே கொடுக்கறேன், வா" என்று என்னைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து நான் முடி அலசுகிறேன், புருவம் திருத்துகிறேன், துண்டு துவைக்கிறேன், வருகிறவர்களிடம் வாயாடுகிறேன். கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது. கத்தரிக்கோல் இருக்கிற இடத்தில் அண்ணியும் நாத்தனாரும் இத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் ரத்தம் பார்க்காதது பெரிய விஷயம் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்வார்கள்.

கடை ஒடுக்கமானது, நீளமானது. வாசலில் ரெக்சின் கிழிந்த ஒரு சோபா. உள்ளே சுவரோரம் நீளக் கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு நாற்காலி, கடைசியில் தலை அலசும் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் ஒரு திரைத்துணி. அதற்கு அந்தப் பக்கம் துண்டு காயும் கொடியும், நாங்கள் சாப்பிடும் சின்ன மேசையும். இரண்டு நாற்காலியில் ஒன்றில்தான் வேலை நடக்கும். இரண்டாவது, மகளுக்காக வாங்கியது.

அந்தப் பெண் வளர்ந்ததே இந்தக் கடையில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்து சோபாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதிக்கொண்டே, யாருக்கு எப்போது சாயம் பூசினோம் என்பதை மனதில் வைத்திருப்பாள். சாயத்தை நேரத்தோடு அலசாவிட்டால் முடி மைப்புட்டியில் முக்கியதுபோல ஆகிவிடும். நேரம் வந்ததும் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, டைம் ஆச்சு, அலசு" என்று ஒரு குரல் வரும். ஒருநாளும் தப்பியதில்லை. அவள் கடையில் இருந்தவரைக்கும் அண்ணி சுவர்க்கடிகாரமே வாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் அவளுக்கு அலாரம் என்று பெயர் வைத்தார்கள். அண்ணி கூப்பிடுவது மட்டும் எப்போதும் கழுதை என்றுதான். பெரியவளானதும் தொழிலும் அவள் கையில் நன்றாகப் படிந்தது. அண்ணி மனக்கோட்டை கட்ட ஆரம்பித்தாள். இரண்டாவது நாற்காலி வந்தது அப்போதுதான்.

மகள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். வேறு ஊரில் பல் செட் செய்கிற லேப் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய், அந்த வேலையைத் தானும் கற்றுக்கொள்ளப் போவதாக ஒரு நாள் கடையில் வைத்துச் சொன்னாள். அண்ணிக்குப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு நாற்காலிதான் குறை. பாதி வெட்டிய முடியோடு ஒருவர் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலேயே சொன்னாள்: "போறதுன்னா போ. போனதுக்கப்புறம் அம்மா ஆட்டுக்குட்டின்னு சொல்லிக்கிட்டு இந்தக் கடைப் படி ஏறாத." மகள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படி இறங்கினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அண்ணி அன்றைக்கு மூட்டையையே அவிழ்த்துக் கொட்டினாள்.

கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். ஊரில் பாதிப் பெண்களுக்கு அலங்காரம் செய்தவள், சொந்த மகளுக்குச் சீப்பைக் கூட எடுக்காமல், விருந்தாளியைப் போல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தாய்க்கும் மகளுக்கும் பேச்சு முறிந்துவிடவில்லை. முறிந்திருந்தால்கூடத் தேவலை. "சாப்பிட்டியா?" "ம்." "வேலை எப்படி?" "பரவால்ல." இவ்வளவுதான். இரண்டாவது நாற்காலியை அண்ணி தினமும் காலையில் துடைத்து, சலவைத் துண்டு ஒன்றை விரித்து வைப்பாள். கடையில் நிற்க இடமில்லாவிட்டாலும் யாரையும் அதில் உட்கார விடமாட்டாள். அந்தப் பிடிவாதத்தை நினைத்து நான் தலையை முட்டிக்கொள்ளாத சுவர் இந்தக் கடையில் இல்லை.

இனி போன் விஷயத்துக்கு வருகிறேன்.

பேச்சைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்கிற வித்தை போனில் இருக்கிறது என்று அண்ணிக்குக் காட்டிக்கொடுத்தது பேங்க் அம்மா. அவர் பேங்க் கவுன்ட்டரில் இருப்பவர். மெஷின் அண்ணியைக் கைவிடும்போதெல்லாம் கையெழுத்து வாங்கிக் காரியத்தை முடித்துக்கொடுப்பவர். எங்கள் கடைக்கு மதிய இடைவேளையில் புருவம் திருத்த வருவார். அண்ணியின் விரலைப் போனும் மதிப்பதில்லை. ஒரு எழுத்தை நாலு தரம் குத்த வேண்டும். பாதி நேரம் கையில் சாயம் அப்பிய கையுறை வேறு.

"ஏன்க்கா அதப் போட்டுக் குத்திக்கிட்டு இருக்கீங்க? இந்த மைக்கத் தொட்டுட்டுப் பேசுங்க, அதுவே எழுதிக்கும்" என்றார்.

அண்ணி போனைப் பார்த்து "வணக்கம்" என்றாள். போன் "வணக்கம்" என்று எழுதியது. "அட, மரியாதை தெரிஞ்சதா இருக்கே" என்றாள். அதையும் எழுதியது.

ஒரே வாரத்தில் அவள் அதை எங்கேயோ கொண்டுபோய்விட்டாள். சாயம் படாமலிருக்கப் போனுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடிக்குக் கீழே பலகையில் சீப்பு டப்பா மேல் சாய்த்து வைத்தாள். மைக்கைத் தொட விரல் எதற்கு, முழங்கை இருக்கிறதே! கையுறைக்கு எட்டாத, சாயம் படாத, சுத்தமான தோல். போனுக்கும் அது பிடித்துப்போனது. ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் பிரஷ், கொஞ்சம் குனிந்து முழங்கையால் ஒரு இடி. சொல்ல வேண்டியதைச் சொல்வாள். அப்புறம் அம்புக்குறி மேல் இன்னொரு இடி, செய்தி போய்விடும். புதிதாக வந்த சிலர் அவளுக்குக் கையில் ஏதோ இழுப்பு என்று நினைத்து என்னிடம் ரகசியமாக வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் செய்தி எழுதுவது என்றால் ஓரமாகக் குனிந்து எழுதுவது. இப்போது அண்ணி எழுதுவது கடைக்கே கேட்டது. "மருந்துக்கடைம்மாவுக்கு வணக்கம். வியாழக்கிழமை வாங்க, நரைய முழுசா மறைச்சிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது" என்று அவள் உரக்கச் சொல்லி எழுதியபோது, மருந்துக்கடைம்மாவின் ஓரகத்தி சோபாவில் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மருந்துக்கடைம்மா வரவில்லை. பிறகும் வரவில்லை.

அந்த மைக்குக்கு ஒரு குணம் உண்டு. பேச்சு நின்று கொஞ்சம் நேரமானால் அதுவும் தானாக நின்றுவிடும். பேங்க் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் கடையில் பேச்சு என்றைக்கு நின்றிருக்கிறது? அண்ணி முடித்தால் நான் ஆரம்பிப்பேன். நான் மூச்சு வாங்கினால் சோபா ஆரம்பிக்கும். முழங்கையால் இடித்து நிறுத்தினால்தான் உண்டு. அதனால் அந்தக் குணத்தை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. எனக்கு வந்தது. அதுதான் வினை.

அண்ணி துண்டு மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். "உனக்குச் சொல்லியிருக்கா" என்றாள்.

"உங்ககிட்ட சொல்லச் சொல்லித்தான் அண்ணி சொன்னா."

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா, எனக்குக் காது இல்லையா?" மடித்த துண்டை உதறிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. பிள்ளை பிறக்கும்போது தான் மகள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் வரட்டுமா என்று கேட்க மாட்டாள். "படி ஏறாதன்னு சொன்னவ நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வீட்டுப் படி ஏறுவேன்? அவ கூப்பிடட்டும், அடுத்த பஸ்ல ஏறறேன்" என்பாள். மகளும் கூப்பிட மாட்டாள். அவள் அப்படியே இவளுடைய அச்சு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் தாயை மகள் மிஞ்சுவாளா, மகளைத் தாய் மிஞ்சுவாளா என்று சொல்வது கஷ்டம்.

"போன் போட்டுப் பேசித் தொலைங்களேன்" என்றேன் ஒரு நாள்.

"பேசினா எனக்கு வாய் முந்திக்கும், அவளுக்குக் கோவம் முந்திக்கும். மெசேஜ்னா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்து அழிக்கலாம்ல."

நியாயம்தான். ஆனால் மெசேஜ் எழுத அவள் தனியாகவா இருந்தாள்? டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. சாயம் பூச மாதம் ஒருமுறை, சோபாவில் உட்கார வாரம் மூன்றுமுறை வருவார். அண்ணி மைக்கை இடித்து, "ஏய் கழுதை, ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா" என்று ஆரம்பித்ததுமே தடுத்துவிட்டார். "எழுத்துல வர்றப்போ கொஞ்சம் நயமா இருக்கணும்மா. நான் சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க." அவர் சொல்லி முடித்த பிறகே அண்ணி மைக்கை இடித்துத் திருப்பிச் சொல்ல, போன் எழுதியது: அன்பு மகளே, உன் உடல்நலத்தைக் கண்ணும் கருத்துமாகப் பேணி வருவாய் என நம்புகிறேன். பேங்க் அம்மா அதில் இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்தார். சோபாவிலிருந்த இன்னொருவர் மாதுளம்பழத்தைச் சேர்த்தார்.

பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். வேறு எழுத்தே இல்லை.

"இது கோவக் கட்டைவிரலா, சந்தோஷக் கட்டைவிரலா?" என்று அண்ணி போனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தாள். நிமிர்ந்து இருப்பதால் சந்தோஷம் என்றார் பேங்க் அம்மா. விரல் தடித்திருப்பதால் கால் கை வீக்கமாக இருக்கும் என்றார் மாதுளம்பழத்துக்காரர். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு அன்பு மகளே இங்கிருந்து போனது, ஒரு கட்டைவிரல் அங்கிருந்து வந்தது. மாதம் ஏற ஏற அண்ணியின் முகம் வற்றிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, அம்மாவுக்கு மெசேஜெல்லாம் யாரு எழுதித் தர்றாங்க?"

"ஏன்டி கேக்கற?"

"கரண்ட் ஆபீஸ்ல இருந்து வர்ற மெசேஜ் மாதிரி இருக்கு. நான் எந்தக் காலத்துல அம்மாவுக்கு அன்பு மகளே ஆனேன்? அம்மா பேசற மாதிரி ஒரு வரி இல்ல. இன்னும் கோவம் போகல, கடமைக்கு யாரையோ விட்டு எழுத வைக்கறாங்கன்னு நானும் கட்டைவிரலப் போட்டுட்டு விட்டுட்டேன்." பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "குழந்தை திரும்பல அத்தை. ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"வான்னு ஒரு வார்த்தை நீயே கூப்பிடேன்டி."

"படி ஏறாதன்னு சொன்னது நானா அத்தை?" சட்டென்று போனை வைத்துவிட்டாள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் சதை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. வாய்தான் கெட்டியாக மூடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன் என்றதும் அவள் காதில் மற்றது எதுவும் ஏறவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது நாற்காலியைத் துடைத்தாள். துண்டை விரித்தாள். துண்டை எடுத்துவிட்டு மறுபடியும் துடைத்து விரித்தாள்.

மதியம் டீச்சர் சாயத்துக்கு வந்தார். அண்ணி அவர் தலை முழுக்கப் பூசி முடித்து, கிண்ணத்தைக் கூடக் கீழே வைக்காமல், குனிந்து மைக்கை இடித்தாள். நான் சோபாவில் பேங்க் அம்மாவைச் சாய்த்து வைத்துப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அன்பு மகளே, உனக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன்" என்றாள் அண்ணி.

"கேள்விப்பட்டேன்னா மூணாம் மனுஷி சொல்ற மாதிரி இருக்கும்மா" என்றார் டீச்சர், கண்ணாடியைப் பார்த்தபடியே. "அறிந்தேன்னு போடுங்க. அப்புறம், மனம் தளராதே."

"டீச்சர், தலைய ஆட்டாதீங்க, நெத்தியில வழியுது. முப்பத்தஞ்சு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். மனம் தளராதே..."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. புருவம் திருத்தும் நூலின் ஒரு முனை என் பல்லில் இருந்தது. துப்பிவிட்டேன்.

"அண்ணி, இதையும் அனுப்பினீங்கன்னா இன்னொரு கட்டைவிரல்தான் வரும். அன்பு மகளேன்னா யாரு அண்ணி? உங்க வாயால அவகிட்ட ஒரு வார்த்தை பேசி எத்தனை நாளாச்சு? படி ஏறாதன்னு சொன்னீங்களே, அதுவும் டீச்சரைக் கேட்டுட்டா சொன்னீங்க?"

அண்ணி திரும்பினாள். என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். படி ஏறாதன்னு நான்தான் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே வந்துடுவான்னு கடையக் கூடப் பூட்டாம வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அது உனக்குத் தெரியுமா? அந்தக் கழுதைக்கு ஊசின்னாலே மயக்கம் வரும். சின்னதுல பல்லு புடுங்கறப்போ என் தோளக் கடிச்சா, தழும்பு இன்னும் இருக்கு. இப்ப வயித்தக் கிழிக்கப் போறாங்க, யாரப் போய்க் கடிப்பா? அந்தப் பையன் நல்லவன்தான். அவனுக்கு என்ன தெரியும்? என்னை உள்ள விட வேணாம். என்கிட்டப் பேசக் கூட வேணாம். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். புள்ளைய ஒரு தடவ காட்டினாப் போதும், அடுத்த பஸ்ல வந்துடறேன். அத எப்படிக் கேக்கறதுன்னுதான் எனக்குத் தெரியல. நீ சொல்லு. எப்படிக் கேக்கறது?"

அழுதாள். இத்தனை வருஷத்தில் அண்ணன் போனபோது அழுததற்கு அப்புறம் அவள் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் சாயம். "துண்ட எடுடி" என்றாள். நான் எடுத்து, அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். டீச்சர் ஏதோ சமாதானம் சொன்னார். பேங்க் அம்மா ஒரு புருவம் மெலிந்தும் ஒரு புருவம் தடித்தும் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் பலகையைப் பார்த்தார்.

"அக்கா, மைக்கு."

போன் எழுதிக்கொண்டே இருந்தது. டீச்சர் சொன்னது, நான் சொன்னது, அண்ணி சொன்னது, இப்போது பேங்க் அம்மா சொன்னது வரை. அண்ணி பதறிப்போய்க் குனிந்து முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தாள். நிதானமாக இடித்திருந்தால் மைக் மேல் பட்டிருக்கும். மைக்குக்கு நேர் மேலேதான் அம்புக்குறி. விரலுக்கு அது தூரம். முழங்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

செய்தி போய்விட்டது.

"அழி! அழிடி அத!" என்று அண்ணி அலறினாள். அவள் கையுறையை உருவ, அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. போனை நான் எடுத்தேன். என் விரலைத்தான் அதற்குத் தெரியுமே. பக்கத்தில் இருந்த டிக் இரண்டும் சாம்பல் நிறமாகவே இருந்தன. மகள் இன்னும் பார்க்கவில்லை. ஒரு அழுத்து அழுத்தினால் அங்கேயும் இல்லாமல் செய்துவிடலாம். அழுத்துவதற்கு முன்னால் படித்தேன். புள்ளி கிடையாது, கமா கிடையாது, யார் சொன்னது என்றும் கிடையாது. அன்பு மகளே உனக்கு ஆபரேஷன் என்று ஆரம்பித்து, டீச்சர் தலைய ஆட்டாதீங்க நெத்தியில வழியுது முப்பத்தஞ்சு நிமிஷம் என்று போய், என் சண்டையை விழுங்கி, யாரப் போய்க் கடிப்பா என்று திரும்பி, எப்படிக் கேக்கறது துண்ட எடுடி என்று தடுமாறி, டீச்சரின் சமாதானத்தையும் சேர்த்துக்கொண்டு, அக்கா மைக்கு என்று முடிந்திருந்தது. அதில் அண்ணி அப்படியே இருந்தாள்.

"பாத்துட்டா அண்ணி" என்றேன். "நீலமாயிடுச்சு."

பொய்தான். சொல்லும்போது வாய் கூசவில்லை, இப்போதும் கூசவில்லை.

அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அது இரண்டாவது நாற்காலி என்பதை அவள் கவனிக்கவில்லை. நான் போனைக் கையில் வைத்தபடியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நான் சொன்ன பொய் நிஜமாயிற்று, டிக் இரண்டும் நீலமாயின. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. எழுதுகிறாள் என்று மேலே காட்டும், நின்றுவிடும். மறுபடி காட்டும், நின்றுவிடும்.

"கட்டைவிரல் கூட வரலியே" என்றாள் அண்ணி.

"பெத்த மனம் பித்து..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"டீச்சர், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் பேங்க் அம்மா. அவருடைய இடைவேளை எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டு தினுசுப் புருவத்தோடு அவர் கவுன்ட்டருக்குப் போயிருக்கவும் முடியாது. ஆனால் மிச்சத்தைத் திருத்து என்றும் அவர் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலே சுவர்க்கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. நான் வாய்விட்டுப் படித்தேன்.

"அம்மா, டைம் ஆச்சு. டீச்சருக்கு அலசு."

எல்லாரும் டீச்சரின் தலையைப் பார்த்தோம். சாயம் விளிம்பில் காய ஆரம்பித்திருந்தது. நான் அவரைக் கைப்பிடித்துத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். குழாயைத் திறந்து முதல் தண்ணீர் கறுப்பாக ஓடும்போது போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை பேங்க் அம்மா படித்தார். 

"பெஞ்சுல எல்லாம் உக்கார வேணாம். ஆபரேஷன் பண்றப்போ உள்ள ஒருத்தரை விடுவாங்களாம். இவரு ரத்தத்தப் பாத்தா விழுந்துடுவாரு. எனக்குக் கடிக்க ஆள் வேணும். புதன்கிழமை அட்மிட் ஆகணும், நீ செவ்வாய்க்கிழமையே வந்துடு. இப்படிக்கு, கழுதை."

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். பேங்க் அம்மா போனைச் சீப்பு டப்பா மேல் சாய்த்து வைத்தார். அண்ணி குனிந்து, இந்தத் தடவை மெதுவாக, முழங்கையால் மைக்கைத் தொட்டாள். நான் குழாயை மூடினேன். தொட்டியில் சாய்ந்திருந்த டீச்சர், வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பேங்க் அம்மா சுவரோடு சுவராக நின்றார். மைக் காத்திருந்தது.

அண்ணி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒருதரம் விழுங்கிவிட்டு மறுபடி முயன்றாள். அப்போதும் வரவில்லை. டீச்சர் தலையிலிருந்து தண்ணீர் தொட்டியில் சொட்டுவது கேட்டது. கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரும் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். மைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தானாக நின்றுவிட்டது.

அண்ணி கையுறை இரண்டையும் உரித்து எறிந்தாள். ஆள்காட்டி விரலை ஏப்ரனில் அழுந்தத் துடைத்தாள். குத்தினாள். போன் அவளைத் தெரியாது என்றது. மறுபடி துடைத்துவிட்டுக் குத்தினாள். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. வ வந்தது. ரே வருவதற்குள் எனக்குத்தான் கண் மறைத்தது. ன் போட்டு, அம்புக்குறியையும் விரலாலேயே அழுத்தினாள்.

வரேன்.

டீச்சர் ஈரத்தலையோடு வந்து அந்த வார்த்தையைப் பார்த்தார். எழுத்தில் அதை எப்படிப் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர் முடி கொஞ்சம் கூடுதலாகவே கறுத்துப்போயிருந்தது. அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி இரண்டாவது நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.